நடக்கவைக்க ஓர் ஆள் வேண்டும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நாலு கடை தாண்டுவதற்குள் கெண்டைக்கால் இறுகி, நின்றுவிடுகிற பெரியவர்கள் உண்டு. சற்று நின்றால் வலி விடும்; நடந்தால் மறுபடி பிடிக்கும். 'நரம்பு இழுக்குது' என்று தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டோடு முடங்கிவிடுவார்கள். இப்படி வந்து போகிற வலி, காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டதன் அடையாளமாக இருக்கலாம். புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் இதன் முக்கியக் காரணங்கள். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையினுடையதோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும், விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு இருக்கிறது.

இதற்கு நடையே மருந்து. வலி நன்றாக ஏறும்வரை நடந்து, நின்று, அடங்கியதும் திரும்ப நடக்க வேண்டும். ஒரு வேளைக்கு 30 முதல் 60 நிமிடம், வாரம் 3 நாள், குறைந்தது 12 வாரம். அடைப்பு கரைந்துவிடாது, ஆனால் கிடைக்கிற ரத்தத்தை வைத்தே கூடுதலாக உழைக்கத் தசை பழகிக்கொள்ளும். இடுப்புப் பகுதித் தமனி அடைப்புக்கு அமெரிக்காவில் நடந்த 'கிளெவர்' ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. 6 மாதத்தில், மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களின் நடைநேரம் சராசரியாக 5.8 நிமிடம் கூடியது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3.7 நிமிடம். அந்நாட்டின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், 2017 முதல் இந்த மேற்பார்வைப் பயிற்சியின் 36 அமர்வுகளுக்குப் பணம் தருகிறது.

'தினமும் நடங்க' என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது மட்டும் இந்தச் சிகிச்சை ஆகாது. வலித்தால் கால் கெட்டுப்போகும் என்று அஞ்சுகிறவரை, வலியோடு இன்னும் பத்தடி நடக்கவைக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடி ராஜபாளையத்து மில் தொழிலாளி ஒருவர் 36 முறை மதுரைக்குப் போக முடியுமா? கூலியும் போகும், பஸ் காசும் போகும். 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல்தான். ஆனால் வாரம் மும்முறை என்றால் அதுவும் தூரமே.

ஆகவே, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளிலேயே இது நடக்க வேண்டும். டிரெட்மில் இல்லாவிட்டாலும் நீண்ட தாழ்வாரம் போதும். ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு பதிவேடு, இதயத்தைப் பரிசோதித்து அனுப்ப ஒரு மருத்துவர் வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறவர், 'நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதாய்யா?' என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். படுத்திருக்கும்போதே வலி, ஆறாத புண், கறுத்த விரல் என்று யாராவது சொன்னால் நடைப்பயிற்சிக்கு எழுதக் கூடாது; அன்றைக்கே ரத்தநாள அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.