ஏர் ஃப்ரையரா, ஓவனா... உங்கள் கிச்சனுக்கு எது?

'கணவருக்கு கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது. பொரித்ததைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மகளுக்கோ கேக் செய்து பழக ஆசை. வீட்டில் மூன்று பேர். கிச்சனில் 16 ஆம்பியர் பிளக் ஒன்றுதான் காலியாக இருக்கிறது. ஏர் ஃப்ரையர் வாங்கவா, ஓவன் வாங்கவா?' வாசகி ஒருவரின் கேள்வி இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் ஓவன் என்றாலே பலருக்கு மைக்ரோவேவ்தான். அது சாம்பாரைச் சூடாக்கும்; கிரில் அல்லது கன்வெக்‌ஷன் வசதி இல்லாவிட்டால் எதையும் சிவக்க வைக்காது. ஏர் ஃப்ரையருக்குப் போட்டி, கேக்கும் பன்னும் சுடுகிற ஓ.டி.ஜி.தான்.

ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் 'ஃப்ரை' இருக்கிறதே தவிர, உள்ளே பொரிப்பது எதுவும் நடப்பதில்லை. மேலே ஒரு காயில், அதன் தலைமாட்டில் ஒரு ஃபேன். சின்னப் பெட்டிக்குள் சூடான காற்று வேகமாகச் சுழலுவதால் பண்டத்தின் மேற்புறம் சீக்கிரம் காய்ந்து மொறுமொறுப்பாகிறது. அவ்வளவுதான். ஒரு வகையில் அதுவும் குட்டி ஓவனே!

அதனால் எது வரும், எது வராது என்பதும் எளிதாகப் புரிந்துவிடும். மசாலா தடவிய வஞ்சிரம், சேனைக்கிழங்கு, வாழைக்காய், கட்லெட், பனீர், சிக்கன் 65 எல்லாம் அருமையாக வரும். 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பிவிட்டால் போதும். ஆனால் பஜ்ஜி? மாவு கூடையின் ஓட்டை வழியே ஒழுகிவிடும். உளுந்து வடையும் அப்படித்தான். எண்ணெயில் விழுந்ததும் உப்புகிற அந்த மென்மையைக் காற்றால் கொடுக்க முடியாது. 'எண்ணெயே வேண்டாம்' என்கிற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். கால் கிலோ கிழங்குக்கு ஒரு டீஸ்பூனாவது புரட்டினால்தான் வறட்டென்று இருக்காது. (கறிவேப்பிலையை மேலே தூவாதீர்கள். பறந்துபோய் காயிலில் ஒட்டிக் கருகும்.)

அடுத்தது அளவு. 4 லிட்டர் கூடையில் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பினால்தான் மொறுமொறுப்பு வரும். இரண்டு, மூன்று பேருக்குச் சரி. ஆறு பேர் உள்ள வீட்டில் மூன்றாவது ஈடு வருவதற்குள் முதல் ஈடு ஆறிப்போகும். சமைக்கிறவர் கடைசியில்தான் சாப்பிட உட்கார வேண்டும். அங்கே 25, 30 லிட்டர் ஓ.டி.ஜி.யே நல்லது. கன்வெக்‌ஷன் ஃபேன் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், சற்று மெதுவாக என்றாலும், ஏர் ஃப்ரையர் வேலையில் பெரும்பகுதியை அதுவும் செய்துவிடும்.

கரன்ட் செலவைப் பார்த்தால், 1500 வாட் ஏர் ஃப்ரையர் 20 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் அரை யூனிட். தினமும் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட் கூடும். 500 யூனிட்டை ஒட்டியே ஓடுகிற வீடுகள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஓ.டி.ஜி.யை முன்கூட்டிச் சூடாக்கவே பத்து நிமிடம் போய்விடும். நாலு மீன் துண்டுக்காக அதை யாரும் ஆன் செய்வதில்லை என்பதுதான் நிஜம். ஆசையாக வாங்கிய எத்தனையோ ஓ.டி.ஜி.க்கள் பரணில் தூங்குவது இதனால்தான்.

எனவே, கடிதம் எழுதிய தோழிக்கு என் பதில் ஏர் ஃப்ரையர். கணவரின் தேவை அன்றாடம் வருவது. கேக் மாதத்தில் ஒரு நாள். மகள் 6 இன்ச் டின்னில் ஏர் ஃப்ரையரிலேயே கேக் பழகலாம். 160 டிகிரி போதும். மேலே சீக்கிரம் சிவந்தால் ஃபாயிலால் இறுக மூடிவிடலாம். ஆறு மாதம் கழித்தும் அவளுக்கு ஆர்வம் குறையாமல், ஒரு கிலோ கேக், பிரெட் என்று கேட்டால் அப்போது ஓ.டி.ஜி. பற்றி யோசிக்கலாம்.

ஆனால் ஒன்று: பாக்கெட்டில் வருகிற ஃப்ரோஸன் சிப்ஸும் நக்கெட்டும் ஏற்கெனவே எண்ணெயில் லேசாகப் பொரித்தெடுத்தவையாகவே பெரும்பாலும் இருக்கும். கணவருக்காக வாங்கும் மெஷினில் அவற்றைத் தினமும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அந்த 16 ஆம்பியர் பிளக்கிலேயே நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பின்பக்கம் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள், சூடான காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.