கதை எங்கே என்போருக்கு

ஆலிவுட்டின் பழைய இசை நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கற்றறிந்தோர் சிலர் முகஞ்சுளிப்பர். "கதை எங்கே?" என்பது அவர்தம் முதற்கேள்வி. "கதையோடு ஒட்டாமல் இடையிடையே எவரோ வந்து ஆடிவிட்டுப் போகின்றனரே, இது கலையா?" என்பது அடுத்தது. வெறும் பொழுதுபோக்கு என்று முத்திரையிட்டு ஒதுக்கிவிடுவர். இஃது அவசரத் தீர்ப்பு மட்டுமன்று; அநீதியான தீர்ப்புமாகும்.

1936இல் வெளிவந்த 'சுவிங் டைம்' படத்தை எடுத்துக்கொள்வோம். கதைச் சுருக்கத்தை வெற்றிலை ஒன்றில் எழுதி முடித்துவிடலாம். சூதாடும் நடனக்காரன் ஒருவன் நடனப்பள்ளி ஆசிரியையைக் காதலிக்கிறான், அவ்வளவே. ஆனால் அந்தப் பள்ளிக் காட்சியைக் கூர்ந்து நோக்குங்கள். ஆடத் தெரியாதவன் போல் பாசாங்கு செய்து விழுகிறான் அவன். விளைவாக அவள் வேலையை இழக்கிறாள். உடனே, அவள் கற்பித்த திறத்தைக் காட்டுவதாகச் சொல்லி அவளோடு ஆடத் தொடங்குகிறான். சினம் வியப்பாகி, வியப்பு விளையாட்டாகி, விளையாட்டு நட்பாகும் மாற்றம் அனைத்தும் பிரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் இருவரின் கால்களிலேயே நிகழ்கிறது. ஆடுவோரின் முழுவுருவமும் தெரியவேண்டும், காட்சியைத் துண்டாடாமல் நீளமாகப் படம்பிடிக்கவேண்டும் என்று அஸ்டேர் வற்புறுத்தியது வீண் பிடிவாதமன்று. கதையை வாயில் தேடுவோர் காலைப் பார்க்கத் தவறினால் குற்றம் படத்துடையதா?

டேப் நடனத்தில் காலணியின் நுனியிலும் குதியிலும் உலோகத் தகடு பொருத்தப்படும். தரையே முழவு, ஆடுபவரே முழவிசைப்பவர். சுவிங் இசையில் அடித்தளத் தாளம் சீராக நடக்க, மேலே இசைப்போர் அதைச் சற்றே பிந்தியும் முந்தியும் ஊசலாட்டுவர். எண்ணிக்கை மட்டும் பிசகாது. அந்த இடைவெளிகளில்தான் டேப் கலைஞனின் கால் புகுந்து பேசும். யாப்பு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இவ்வின்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்கலை எங்கிருந்து வந்தது? தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் முழவு வைத்திருப்பதைத் தடுத்தது. முழவிழந்த மக்கள் கையாலும் காலாலும் தாளம் வளர்த்தனர். அயர்லாந்து, இங்கிலாந்து நாட்டார் ஆட்டங்களோடு அது கலந்து பிறந்ததே டேப். சுவிங் இசையின் கதையும் வேறன்று. 1935இல் பென்னி குட்மன் பெற்ற பெரும்புகழுக்குப் பின்னால் பிளெட்சர் ஹெண்டர்சன் என்னும் கறுப்பினக் கலைஞரின் இசையமைப்புகள் இருந்தன.

இப்போது, 'கதையோடு ஒட்டவில்லை' என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். அதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஏன் ஒட்டவில்லை என்பதுதான் கேள்வி. நிக்கலஸ் சகோதரர்களும் பாடகி லீனா ஹோர்னும் பல படங்களில் கதைமாந்தரோடு உறவேயின்றித் தனிக்காட்சியில் தோன்றினர். அமெரிக்கத் தென்மாநிலத் திரையரங்குகளில் அக்காட்சியை வெட்டியெறிந்தாலும் கதை அறுபடக்கூடாது என்பதே ஏற்பாடு! கத்தரிக்கு வசதியாகத் தைக்கப்பட்ட துணியைக் காட்டி நெய்தவனைப் பழிப்பது எந்த ஊர் நியாயம்?

பழையதெல்லாம் பொன் என்போரும் சற்றே பொறுக்க. அதே 'சுவிங் டைம்' படத்தில் அஸ்டேர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடுகிறார். அந்த ஆட்டத்தின் தலைப்பிலுள்ள 'போஜாங்கிள்ஸ்' என்பது கறுப்பின மாமேதை பில் ராபின்சனின் சிறப்புப் பெயர். பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம். அந்நாளில் அவர் ஆலிவுட்டிலேயே இருந்தார். ஏவலாள் வேடங்கள் அவருக்குக் கிடைத்தன. அஸ்டேரின் திறமையை மதிக்கும் நான் இந்தக் கரியை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

ராபின்சன் கதைத்தலைவராக நடித்த 'ஸ்டார்மி வெதர்' 1943இல் வந்தது. நடிகர் அனைவரும் கறுப்பினத்தார். 60 வயதைக் கடந்த ராபின்சனையும் இருபதுகளிலிருந்த லீனா ஹோர்னையும் காதலராக நம்புவது கடினந்தான், கதையும் மெலிவே. இருப்பினும் பேட்ஸ் வாலர் பியானோவின் முன் அமர்ந்து புருவத்தை உயர்த்தும்போது சிரிக்காதிருக்க முடியுமா? அவர் அவ்வாண்டின் இறுதியிலேயே மறைந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

முடிவில் கேப் கேலோவேயின் இசைக்குழு முழங்க, பேயார்ட், ஹெரால்ட் என்னும் நிக்கலஸ் சகோதரர் இருவரும் இசைஞரிடையே மேடைக்கு மேடை தாவி ஆடுகின்றனர். பின்னர், அகன்ற படிக்கட்டில் ஒருவர் தலைக்குமேல் மற்றவர் பாய்ந்து, கீழ்ப்படியில் இரு கால்களையும் முற்றும் விரித்து இறங்கி, கையூன்றாமல் நிமிர்கின்றனர். அடுத்த படியில் மீண்டும் அப்படியே. தாம் கண்ட திரை நடனங்களுள் இதுவே தலையாயது என்று அஸ்டேரே பாராட்டினார் என்பர். கதை எங்கே என்று கேட்கும் அன்பர்கள் அந்தப் படிக்கட்டின் கடைசிப் படிவரை பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும், விடையிறுக்க ஆயத்தமாயிருக்கிறேன்.