ஓடாத வண்டியும் எழுதாத மரபும்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை. பிரித்தானியாவிற் பழைய மோட்டார் வண்டிகளை வைத்திருப்போர் ஆண்டுதோறும் அவற்றை வீதிக்குக் கொணரும் நாள் அது. கொள்ளைநோய் காரணமாக மார்ச் 23 முதல் நாடே வீட்டினுள் முடங்கியிருந்தமையால் அவ்வாண்டு உலா நடைபெறவில்லை. எனினும் அன்பர்கள் சோர்ந்துவிடவில்லை. கராஜினுள் நின்ற வண்டியைத் துடைத்து மெருகேற்றிப் படம்பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பி மோட்டார் மரபைக் கொண்டாடினர். வெளியே செல்லாதிருந்தமை தக்கதே. அதில் நமக்கு வழக்கில்லை. வண்டி ஓடாவிடினும் மரபு வாழும் என்னும் கருத்தோடுதான் வழக்கு.

அந்நாள் எதன் நினைவு? 1900 ஏப்ரல் 23இல் இலண்டனிலிருந்து 65 வண்டிகள் எடின்பரோ வரை சென்று மீளப் புறப்பட்ட ஆயிரம் மைற் சோதனை ஓட்டத்தின் நினைவு. மோட்டார் வண்டி செல்வரின் விளையாட்டுப் பொருள், நடுவழியில் நின்றுவிடும் என நகைத்த மக்களுக்கு, அது ஓடும் எனக் காட்டவே அவ்வோட்டம் நடத்தப்பட்டது. அன்று சோதிக்கப்பட்டது பித்தளையின் பளபளப்பன்று. அத்தகைய ஓட்டத்தை ஓடாமையின் விழாவுக்குச் சாட்சியாக அழைத்தல் எங்ஙனம் பொருந்தும்? அன்று கொண்டாடப்பட்டது மரபன்று, உடைமையே என்பேன்.

அவ்வோட்டத்தில் வூல்சிலி வண்டியொன்றைச் செலுத்தியவர் ஹேர்பேட் ஒஸ்ரின். 1905இல் அவர் லோங்பிரிட்ஜில் நிறுவிய தொழிற்சாலையின் வழிவந்தவையே யாழ்ப்பாண வீதிகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய ஒஸ்ரின் ஏ-40 கார்கள். ஓட்ட இயலாமை யாதென்பதை அவற்றிடமே கேட்டறிதல் வேண்டும். 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 1995 வரை குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. ஆயினும் அவை ஓடின! சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. அமுக்கவிகிதம் மிகுந்த புதிய இயந்திரங்களில் தட்டலை உண்டாக்கும். அமுக்கம் குறைந்த பழைய ஏ-40 அதனைப் பொறுத்துக்கொண்டது. புகை கக்கிற்று. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. கரி படிந்ததைக் கழற்றுவதும் சுரண்டுவதும் மீளப் பூட்டுவதும் கராஜ்காரரின் அன்றாடக் கடமையாயின. நோயாளரும் பிள்ளைப்பேற்றுத் தாய்மாரும் அக்கார்களை நம்பியே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டனர்.

இது பஞ்சகாலத் தந்திரமேயன்றி மரபாகாது என்பாருளர். அங்ஙனமாயின் 1900இல் நடுவழியில் நின்ற வண்டியைத் தெருவோரத்திலேயே பழுதுபார்த்து எடின்பரோ சேர்த்தது மட்டும் மரபாகியது எவ்வாறு?

ஆங்கிலேயரை நகைக்கும் தகுதியும் நமக்கில்லை. எவ்வண்டி ஷாப் மேட்டில் ஏறிற்று, எது ஏறாது நின்றது என்பதையேனும் அவர்கள் குறித்துவைத்தனர். நாமோ ஏ-40க்கு மாலையிட்டு மணமக்களை ஏற்றிப் படமெடுக்கிறோம். காரின் உரிமையாளர் இன்னார் என்கிறோம். அதனை ஐந்தாண்டு உயிரோடு வைத்திருந்த கராஜ்காரரின் பெயர் எந்தப் படத்தின் கீழுமில்லை. ஓடாத வண்டியைக் கொண்டாடும் நோய் நம்மையும் பற்றியுள்ளது. நமக்குக் கொள்ளைநோய்க்கால ஊரடங்கும் வேண்டியிருக்கவில்லை.

பெற்றோலுக்கு மண்ணெண்ணெய் எத்தனை பங்கு, எஞ்சின் ஒயிலை எத்தனை மைலுக்கொருமுறை மாற்றினர், தேய்ந்த பாகத்துக்கு எதை அராவிப் பொருத்தினர்? இவற்றை அறிந்த கைகள் முதுமையால் நடுங்கத் தொடங்கிவிட்டன. பொறியியற்பீட மாணவரொருவரும் தமிழ்த்துறை மாணவரொருவரும் வருகின்ற விடுமுறையிற் கொப்பியொன்றுடன் ஒரு கராஜ் வாசலிற் போய் அமரட்டும். முதலாவது கேள்வி, அக்கராஜ்காரரின் பெயராக இருக்கட்டும்.