முழங்கால் நோவும் நமது அவசரமும்



வலயமட்டப் போட்டிகள் நெருங்குகின்றன. பின்னேரங்களில் மைதானம் நிறையப் பிள்ளைகள். பார்க்கச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு விசயத்தைச் சொல்லாமலிருக்க மனம் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கரப்பந்தாட்ட அணியில் தரம் 12 மாணவன் ஒருவன் இருந்தான். பாய்ந்து அடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. "சேர், முழங்கால் நோகுது" என்று வந்தான். "ரெண்டு ரவுண்ட் ஓடு, சரியாகும்" என்றேன். ஓடியதும் நோவு குறையத்தான் செய்தது. அடுத்த நாள் காலை அவனால் படியிறங்க முடியவில்லை. தொழுகையில் அத்தஹிய்யாத்தில் இருக்கவே கஷ்டப்பட்டான். அணிக்குக் கிண்ணம் கிடைத்தது. அதன் பிறகு அவன் விளையாடவே இல்லை. அதில் என் பிழைதான் பெரிது.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். முழங்கால் சில்லையும் அதன் கீழுள்ள எலும்பையும் இணைக்கும் தசைநாணில் வருகிற நோவு இது. சில்லின் கீழ் விளிம்பில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் நோகும். பாயும்போது, குந்தும்போது கூடும். உடம்பு சூடானதும் குறைந்து, ஆறியதும் திரும்பி வரும். நோர்வே நாட்டின் முன்னணி விளையாட்டு வீரர்களிடம் செய்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. அதில் கரப்பந்தாட்ட வீரர்களில் ஏறக்குறைய 45 வீதமானோருக்கு இந்த நோவு இருந்தது. நமது தேசிய விளையாட்டும் கரப்பந்தாட்டம்தான்.

நாம் செய்வது இரண்டே வேலை. ஒன்று, நோவோடு விளையாட விடுவோம். இல்லாவிட்டால் எண்ணெய் பூசி உருவி, ஒரு மாதம் படுக்க வைப்போம். இரண்டும் பிழை. ஓய்வில் நோவு அடங்கும், ஆனால் தசைநாண் பலம் பெறாது. திரும்பப் பாய்ந்த அன்றே நோவும் திரும்பும். ஸ்டெரொய்ட் ஊசியும் கொஞ்சக் காலத்துக்குத்தான்.

தசைநாணுக்குத் தேவை படிப்படியாகக் கூட்டும் சுமை. பாய்ச்சலைக் குறைத்துவிட்டு, முதலில் சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில் இருப்பதுபோல் 45 செக்கன் வரை அசையாமல் நிற்பது, நான்கைந்து தடவை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பாரத்தோடு மெதுவாகக் குந்தி எழும்புவது. கடைசியில்தான் பாய்ச்சல். பத்துக்கு மூன்றளவு நோவு பரவாயில்லை, ஆனால் அடுத்த நாளுக்குள் அது அடங்க வேண்டும். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையில் செய்வதே நல்லது.

12-15 வயதுப் பிள்ளைகளுக்குச் சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பு புடைத்து நோவது வளர்ச்சியோடு வரும் வேறு பிரச்சினை. வீக்கம், மூட்டு இறுகிக்கொள்ளல், இரவு நோவு இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நோவு வந்த பிறகு வைத்தியம் தேடுவதைவிட, அது வரும் வழியை நாம் அடைக்கலாம். ஒன்பது மாதம் சும்மா இருந்துவிட்டு, கடைசி மூன்று வாரம் சீமெந்துத் தரையில் தினமும் பாய விடுகிறோமே, அந்தப் பழக்கத்தை நிறுத்துவோம். தவணை தொடங்கும்போதே சிறிதாகப் பயிற்சியைத் தொடங்குவோம். கடுமையாகப் பாயும் நாட்களுக்கிடையில் ஒருநாள் இடைவெளி விடுவோம். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பலப் பயிற்சி கொடுப்போம்.

வாப்பாமாரே, உம்மாமாரே, பிள்ளை "நோகுது" என்றால் சாக்கு என்று நினைக்காதீர்கள். சக ஆசிரியர்களே, கிண்ணம் அலுமாரியில் தூசு பிடிக்கும். பிள்ளையின் உடம்பு அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம்.