ஓட வைக்குமுன் நடக்க வைப்போம்

பிள்ளைகளின் உடற்பருமனைப் பற்றி இப்பகுதியில் எழுத வேண்டுமெனப் பெற்றோர் சிலர் கேட்டிருந்தனர். எழுத அமர்ந்தபோது, சென்ற தை மாதம் வேடந்தாங்கலில் கண்ட காட்சி ஒன்று நம் நினைவுக்கு வந்தது.

மறைக்கல்வி மாணவரோடு பறவைகளைக் காணச் சென்றிருந்தோம். வண்டியைவிட்டு இறங்கியதும், ஏரிக்கரையை முதலில் எட்டுவது யார் என்று பிள்ளைகளுக்குள் போட்டி எழுந்தது. வயதுக்கு மிஞ்சிய எடையுள்ள சிறுவன் ஒருவனும் ஓடினான். ஐம்பது அடிக்குள் மூச்சு முட்டி நின்றுவிட்டான். "ஓடினால்தானே தம்பி, உடம்பு குறையும்!" என்றார் மறைக்கல்வி ஆசிரியர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், ஆனால் மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். "நான் வரவில்லை அண்ணா, நீங்கள் போய் வாருங்கள்" என்று அவன் மரத்தடியில் அமர்ந்துகொண்டான்.

அவன் சோம்பேறியா? இல்லை. பத்துக் கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடும்படி நம்மிடம் சொன்னால் நம் நிலை என்னவாகும்? மெலிந்த பிள்ளைக்கு எளிய நடையாக இருப்பது, பருத்த பிள்ளைக்குக் கடும் உழைப்பாகிவிடுகிறது. ஒரே வேகத்தில் சென்றாலும் அவன் இதயம் மிகுதியாகத் துடிக்கிறது.

இது யாரோ சில வீட்டாரின் கவலையன்று. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஏறத்தாழ 19,000 மாணவரைச் சோதித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21 பிள்ளைகள் மிகை எடையோ பருமனோ உடையவர். அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. வசதி பெருகிய வீட்டில் வண்டியும் தின்பண்டமும் பெருகுகின்றன, விளையாட்டு குறைகிறது.

அப்படியானால் எவ்வளவு கடுமையான பயிற்சி தேவை? ஐந்து முதல் பதினேழு வயதுவரை, நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவுறுத்தியது. அதில் கடுமையான பயிற்சியும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாளேனும் இடம்பெற வேண்டும். ஆனால் இது சென்று சேர வேண்டிய இடம். முதல் நாளே தொடங்க வேண்டிய இடமன்று.

மிதம் எது, கடுமை எது என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது அருள்நிறை மந்திரத்தைத் தங்குதடையின்றிச் சொல்ல முடிந்து, ஞானப்பாடல் பாட மட்டும் மூச்சுப் போதவில்லையானால் அது மிதம். பாடவும் முடிந்தால் வேகம் போதாது. நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சிரைத்தால் அது கடுமை.

முதற்சில வாரங்கள் மிதமான வேகத்தில், பத்துப் பதினைந்து நிமிடங்களாக நாளில் இரண்டு மூன்று முறை நடந்தால் போதும். பழகிய பின் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்ததுவரை விரைந்தும், அடுத்த இரண்டு கம்பங்களுக்கு மெதுவாகவும் நடக்கலாம். இப்படி விட்டுவிட்டுக் கடுமையாக உழைப்பது இதயத்தின் ஆற்றலைச் சற்று மிகுதியாக வளர்க்கிறது. கொழுப்பைக் குறைப்பதிலோ இரண்டு முறைகளுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆகவே பிள்ளை விட்டுவிடாமல் செய்யும் பயிற்சியே சிறந்த பயிற்சி. மேற்சொன்ன சென்னை நிறுவனத்தாரே வளரிளம் பெண்களுக்கெனப் பத்து நிமிட விறுவிறுப்பான நடனப் பயிற்சியை வகுத்து, அதற்குத் 'தாண்டவ்' எனப் பெயரிட்டனர். ஆட்டமும் மருந்தாகலாம் அன்றோ?

இரு எச்சரிக்கைகள். இடுப்பிலோ முழங்காலிலோ வலிகண்டு பிள்ளை நொண்டினால் பயிற்சியை நிறுத்தி, தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். எடைக்கருவியைத் தினமும் நோக்கி மனம் தளராதீர்கள். வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் உயரம் மட்டும் ஏறுவதே பல வேளைகளில் நல்ல முன்னேற்றம். இனிப்புப் பானங்களையும் பொரித்த தின்பண்டங்களையும் வீடு முழுவதும் குறைக்காமல், பிள்ளையை மட்டும் நடக்கச் சொல்வதில் பயனில்லை.

அன்று நாம் அச்சிறுவனோடு மரத்தடியில் சற்று அமர்ந்திருந்து, பிறகு பேசியபடியே மெல்ல நடந்தோம். கரைமுழுதும் கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தான். நீரில் நின்ற மரங்களில் நத்தைகுத்தி நாரையின் குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துக்கொண்டிருந்தன. "ஏன் பறக்கவில்லை?" என்றான். "பறப்பதற்குப் பழகுகின்றன" என்றோம். நெடுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உடல் தூய ஆவியின் ஆலயம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அவ்வுடலைக் குறித்து அவர்களை நாணச் செய்யலாகாது. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், கோவில் அருகிலிருப்போர் வண்டியை விடுத்துக் குடும்பமாக நடந்தே வீடு திரும்புவோமாக. பிள்ளையின் நடைக்கேற்ப நம் நடையை அமைத்துக்கொள்வோமாக.