எண்ணுக்கு நினைவில்லை!

தோழனே!

திருவனந்தபுரத்திலே நாள்தோறும் பிற்பகல் 3 மணிக்குக் கேரள அரசின் பரிசுச்சீட்டுக் குலுக்கல் நடைபெறுகிறது. 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம் அது. அங்கே அது சட்டத்துக்கு உட்பட்டது. வருவாய் அந்த மாநிலக் கருவூலத்துக்குச் செல்கிறது. ஆனால், அந்த 3 மணிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போர் மலையாள மண்ணிலே மட்டுமா இருக்கின்றனர்? நம் ஊர்த் தேநீர்க் கடையிலே, தறிக்கூடத்திலே, சுமை தூக்கும் தோழர்கள் இளைப்பாறும் மர நிழலிலே எத்தனை பேர்!

தமிழ்நாட்டிலே 2003 சனவரியில் பரிசுச்சீட்டு முற்றாகத் தடை செய்யப்பட்டது. தடையைத் தாண்டி வந்து நிற்கிறது 'மூணு நம்பர்'. கேரளக் குலுக்கலின் முதற்பரிசு எண்ணிலே கடைசி மூன்று இலக்கங்கள் எவை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்; சொன்னால் பணம். கட்டியவன் கையிலே கேரளச் சீட்டும் இல்லை. அவன் காசு கேரளத்துக்கும் போகவில்லை, தமிழகக் கருவூலத்துக்கும் வரவில்லை. அது போகுமிடம், முகம் காட்டாத முதலாளியின் இரும்புப் பெட்டி!

இதிலே சிக்கியவனைச் சோம்பேறி என்று ஏசாதே, தோழனே. அவனைப்போல் உழைத்துப் படிக்கும் மாணவன் ஊரிலே இல்லை. கடந்த மாதத்து முடிவுகளை எல்லாம் கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பான். நூறாம் இடம் 'ஏ போர்டு', பத்தாம் இடம் 'பி போர்டு', ஒன்றாம் இடம் 'சி போர்டு'. குறுக்கே கூட்டுவான், நெடுக்கே கழிப்பான். "சி போர்டிலே 7 வந்து இருபது நாளாயிற்று, இன்று வந்தே தீரும்" என்பான்.

ஏன் வர வேண்டும்? 7 என்ன, வெளியூர் போன மருமகனா, இத்தனை நாளாயிற்றே என்று திரும்பி வர? உருளும் எந்திரத்துக்கு நேற்று என்பது இல்லை. எண்ணுக்கு நினைவில்லை! ஒவ்வொரு நாளும் 10-இல் 1 என்பதே 7-க்குரிய வாய்ப்பு. ஓர் இலக்கம் 20 நாள் தொடர்ந்து வராமலிருப்பதும் அதிசயமன்று. 100-க்கு 12 முறை அப்படித்தான் நேரும். "இரட்டை எண் அடிக்கடி விழுகிறது, இதிலே ஏதோ சூட்சுமம்" என்பான். 000 முதல் 999 வரையுள்ள 1000 எண்களில், ஓர் இலக்கமேனும் திரும்ப வருபவை 280. அடிக்கடி விழாமல் என்ன செய்யும்?

இது நம் நாட்டு மயக்கம் மட்டுமன்று. இத்தாலி நாட்டின் வெனிசு நகரக் குலுக்கலிலே 2003 மே மாதத்துக்குப் பிறகு 53 என்ற எண் வரவே இல்லை. 90 எண்களில் 5 எடுக்கும் குலுக்கல் அது. எந்த நாளும் 53-க்கு 18-இல் 1 வாய்ப்பு. ஆனால், "இன்று வரும், இன்று வரும்" என்று மக்கள் கொட்டிய பணம் 300 கோடி யூரோவுக்கும் மேல்! குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. சிலர் உயிரையே இழந்தனர். 2005 பிப்ரவரியில் ஒருநாள் 53 வந்தது. போன உயிர் வந்ததா?

குலுக்கலிலே ஒழுங்கு ஒளிந்திருந்ததே இல்லையா என்று கேட்பாய். இருந்தது, ஒருமுறை! அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே 1980 ஏப்ரல் 24 அன்று 666 விழுந்தது. எப்படி விழுந்தது தெரியுமா? 4, 6 தவிர மற்றப் பந்துகளுக்குள்ளே வண்ணக் குழம்பை ஏற்றிக் கனமாக்கியிருந்தனர். குலுக்கலைத் தொலைக்காட்சியிலே அறிவித்தவரே சதியிலே பங்காளி, பின்னர்த் தண்டிக்கப்பட்டார். பாடம் என்ன? நேர்மையான குலுக்கலிலே ஒழுங்கு இல்லை. ஒழுங்கு இருந்தால் அது களவு. அந்த ஒழுங்கு களவாடியவனுக்குத் தெரியுமே தவிர, கட்டம் போட்டுக் கண் வலிக்கப் பார்ப்பவனுக்குத் தெரியாது.

"இன்ன ஆள் சொன்ன எண் விழுந்ததே" என்பார்கள். ஆயிரம் பேரிடம் ஆயிரம் எண்களைச் சொல்பவனுக்கு ஒன்று பலிக்காமலா போகும்? பலித்த ஒன்று ஊரெல்லாம் முழங்கும். பொய்த்த 999 அவரவர் வீட்டு அடுப்படியிலே அழும்.

கணக்கைக் கேள். நாளும் ஓர் எண் கட்டுகிறவன் 1000 நாள் விடாமல் கட்டினாலும், ஒருமுறைகூட வெல்லாதவர் 100-க்கு 37 பேர் இருப்பர். பென்சில்வேனிய அரசின் குலுக்கலே 1 டாலருக்குத் தருவது 500 டாலர்தான். வாய்ப்போ 1000-இல் 1. அரசு நடத்தினாலே பாதி போய்விடும் ஆட்டத்தை, சட்டத்துக்கு அஞ்சாதவன் நடத்தினால் எஞ்சுவது என்ன?

எஞ்சுவது என்னவென்று விழுப்புரம் சொல்லிற்று. 2019 டிசம்பரில் அங்கே ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், கணவன், மனைவி, மூன்று பெண் குழந்தைகள், ஐவரும் ஒரே இரவிலே மாண்டனர். மூன்று எண்ணிலே பணத்தை இழந்து கடனிலே மூழ்கிய வீடு அது. பொன்னைக் குன்றிமணி எடை பிசகாமல் நிறுக்கத் தெரிந்த தொழிலைச் சேர்ந்தவன், தன்னை ஏய்க்கும் தராசை மட்டும் அறியாமற் போனான்!

பகுத்தறிவு பேசும் இயக்கம் நம்முடையது. சோதிடனைக் கேள்வி கேட்கக் கற்ற நாம், சோதிடமே எண்ணாக வேடம் கட்டி வரும்போது வாய்மூடி நிற்கலாமா? தலையெழுத்து என்றான் அவன். சார்ட் என்கிறான் இவன். பெயர்தான் வேறு!

ஆகவே, உனக்கு இரண்டு பணிகள் உண்டு, தோழனே. ஒன்று: உன் தெருவிலே கட்டம் போடுகிறவனை எள்ளி நகையாடாதே; அருகே அமர். அவன் கணக்கறிவு பொய்யன்று, வழிதான் பொய். ஓராண்டிலே கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று அவன் கையாலேயே எழுதச் செய். கூலி குறைந்த கணக்கையும், கந்துவட்டி ஏறிய கணக்கையும் அதே தாளிலே போடச் சொல். நாளை வராத 7-ஐ விட்டு, இன்று பிடுங்கப்பட்ட 700-ஐ அவன் தேடத் தொடங்குவான்.

மற்றொன்று, கசப்பானது: அந்தச் சீட்டை நடத்துகிறவன் நம் கொடிக்கம்பத்தடியிலும் வந்து நிற்பான், மாநாட்டுக்கு நன்கொடை நீட்டுவான், வளைவு அலங்காரத்துக்குப் பொறுப்பேற்பான். வாங்காதே! அது தறிக்காரன் வீட்டுக் குழந்தையின் பால் காசு. உண்டியல் நிறையாவிட்டால் ஒரு மாநாடு சிறுக்கும். அந்தக் காசை வாங்கினால் இயக்கமே சிறுத்துவிடும். தடைச் சட்டம் ஏட்டிலே இருக்கிறது. அதை நாட்டிலே நிறுத்தும் துணிவு, முதலில் நம் கையை நாம் மடக்குவதிலே பிறக்கட்டும்!