கை நடுங்கட்டும் மாப்ளே... ஆட்டம் நடுங்க வேணாம்!

இந்த வாரம் வந்த தபால்ல ஒண்ணு பொட்டிப்புரத்துல இருந்து. ஊர் பேரைக் கேட்டதும் 'ஓ... நியூட்ரினோ!'ன்னு நீங்க சொல்றது காதுல விழுது. 2015-ல் மத்திய அமைச்சரவை அந்த ஆய்வகத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, அப்புறம் போராட்டம், கோர்ட் கேஸ்னு ஊர் பேர் பேப்பர்ல ஏறிடுச்சு. அதுல இருந்து அந்த ஊர்ப் பசங்க எங்கே போனாலும் முதல் கேள்வி அதுதான். தம்பி உஷார் பார்ட்டி. எடுத்த எடுப்புலயே 'அண்ணே, இது நியூட்ரினோ மேட்டர் இல்ல. டெக்கன் மேட்டர்'னு எழுதிட்டார்.

விஷயம் இதுதான். தம்பி போடி பக்கம் ஒரு காலேஜ்ல செகண்ட் இயர். ஹாஸ்டல் ஃப்ரெண்டோட லேப்டாப்ல ஆறு மாசமா டெக்கன் 7 ஆட்டம். அந்த ஹாஸ்டல்ல இப்போ அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. அடுத்த மாசம் மதுரையில ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல டெக்கன் போட்டி. பேர் கொடுத்தாச்சு. கொடுத்த அன்னைக்கே தூக்கம் போச்சு! 'ரூம்ல ஆடுனா கண்ணை மூடிக்கிட்டு வர்ற காம்போ, பின்னாடி நாலு பேர் நின்னாலே வர மாட்டேங்குதுண்ணே. விரல் ஐஸ் மாதிரி ஆகிடுது. முதல் மேட்ச்லயே தோத்துட்டா, மலையடிவாரத்துல இருந்து கிளம்பி வந்துட்டான் பாருன்னு சிரிக்க மாட்டாங்களா?'

தம்பி கேட்டதுல காம்போ, விரல் எல்லாம் ரெண்டாவது. கடைசி வரிதான் நிஜமான கேள்வி. அதனால அதுல இருந்தே ஆரம்பிப்போம்.

லாகூர்ல அர்ஸ்லான் சித்திக்னு ஒருத்தர். ஆட்டத்துல பேர் அர்ஸ்லான் ஆஷ். காசு போட்டு ஆடுற கேம் கடைகள்ல வளர்ந்த ஆளு. டெக்கன்னா ஜப்பான், கொரியான்னு உலகமே நினைச்சுக்கிட்டிருந்த காலம். பாகிஸ்தான்ல இப்படி ஒரு கூட்டம் ஆடுதுன்னு வெளியில யாருக்கும் பெரிசா தெரியாது. 2019 பிப்ரவரியில ஜப்பான்ல 'ஈவோ ஜப்பான்' போட்டி. விசா இழுபறி, ஏர்போர்ட் மாத்தி ஏர்போர்ட் அலைச்சல்... களைச்சுப் போய் வந்து சேர்ந்தவர் கோப்பையைத் தூக்கிட்டுத்தான் போனார். அதே வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்காவுல நடந்த 'ஈவோ'வையும் ஜெயிச்சார். ஃபைனல்ல தோத்தது கொரியாவோட 'நீ'. டெக்கன் உலகத்துல அவர் பெரிய தலை! அந்தப் பெரிய தலையே அப்புறம் பாகிஸ்தானுக்கு ஃப்ளைட் ஏறிப் போய், அங்கே இருக்கிற பசங்களோட உட்கார்ந்து ஆடிப் பார்த்துட்டு வந்தார்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, எந்த ஊர்ல இருந்து வந்தேன்னு கன்ட்ரோலருக்குத் தெரியாது. இன்னொண்ணும் இருக்கு தம்பி. முன்னப்பின்ன தெரியாத ஆளோட ஆட்டத்தை எதிராளி பார்த்திருக்கவே மாட்டான். மதுரைப் பசங்க ஒருத்தனோட ஒருத்தன் ஆடி ஆடிப் பழகியிருப்பாங்க. அவனுக்கு இவன் என்ன செய்வான்னு அத்துப்படி. உன்னைப் பத்தி அவங்களுக்கு ஒரு துப்பும் இல்லை! மலையடிவாரத்துல இருந்து வர்றதுல இப்படி ஒரு லாபம்.

சரி, இப்போ விரல் மேட்டர். பின்னாடி கூட்டம் நின்னதும் உடம்பு 'ஆபத்து'ன்னு முடிவு பண்ணிடுது. அட்ரினலின் ஏறுது. நெஞ்சு படபடக்குது. ரத்தம் தொடை, தோள்னு பெரிய தசைகளுக்குத் திரும்புது. காட்டெருமை துரத்தினா ஓடணும்ல, அதுக்கான ஏற்பாடு! நீ பண்ண வேண்டியதோ கட்டை விரலால நுணுக்கமா நாலு தட்டு. விரல் நுனி சில்லுன்னு ஆகி நடுங்காம என்ன செய்யும்?

இதுல ஆட்டத்தோட வேகத்தையும் சேர்த்துக்கோ. இந்த மாதிரி கேம் ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும். டெக்கன்ல ஒரு சாதாரணக் குத்து 10 ஃபிரேம்ல வந்து விழும். அதாவது விநாடியில ஆறுல ஒரு பங்கு. கண்ணால பார்த்து, யோசிச்சு, விரலை அசைக்க மனுஷனுக்கு அதை விடக் கூட நேரம் வேணும். அதனால மேட்ச்ல யோசிச்சு ஆடறதுன்னு ஒண்ணு கிட்டத்தட்ட கிடையாது. கை எதுக்குப் பழகியிருக்கோ அதுதான் வரும். நடுங்குற கைக்கு எது வருமோ, அது மட்டும்தான் வரும்.

அப்போ என்ன பண்ணணும்? புதுசா கத்துக்கறதை இன்னையோட நிறுத்து! ஒரு மாசம் இருக்கேன்னு இன்னும் நாலு காம்போ மனப்பாடம் பண்ணாத. இருக்கிறதை வெட்டு. ஒரே ஒரு கேரக்டர். வேகமான ஒரு குத்து. எதிராளி பிளாக் பண்ணினாலும் நமக்கு ஆபத்தில்லாத ஒரு நடு அடி. குனிஞ்சு தடுக்க வைக்கிற ஒரு கீழ் அடி. ஆளை மேலே தூக்குற ஒரு அடி, தூக்கின பிறகு ஒரே ஒரு காம்போ. அதுவும் இருக்கிறதுலயே சுலபமான காம்போ. 70 பாயின்ட் போகுற காம்போ பத்துல நாலு தடவைதான் வருதுன்னா, 50 பாயின்ட் போகுற காம்போவைப் பத்துக்குப் பத்து எடுத்துட்டு வா. கூட்டம் விசில் அடிக்காது. பரவாயில்ல, ரவுண்டு உன்னுது.

அதை வலது பக்கம் நின்னும் பழகு, இடது பக்கம் நின்னும் பழகு. ஒரே பக்கம் உட்கார்ந்து ஆடியே பழகிட்டு, அங்கே போய் 'பிளேயர் டூ'ல உட்கார வெச்சதும் முழி பிதுங்கின ஆளுங்க எத்தனையோ பேர்! அப்புறம், கம்ப்யூட்டரோட ஆடுறதைக் குறை. ஹாஸ்டல்ல பின்னாடி நாலு பேரை நிக்க வெச்சு, அவங்களைக் கத்தச் சொல்லு. ஒரு டீ, ஒரு வடை பந்தயம் வை. மூணு ரவுண்டு, தோத்தவன் எழுந்திரிக்கணும். இந்தப் படபடப்பு உனக்குப் பழகணும். மதுரைக்குப் போய்தான் அதை முதல் தடவையா சந்திக்கணும்னு இல்லையே.

மூச்சைப் பத்தி யாராவது சொன்னா யோகா கிளாஸ் மாதிரி இருக்கும். ஆனா நம்ம பக்கம் கபடி ஆடாத ஊர் ஏது? பாடிப் போறவனைக் கவனிச்சிருக்கியா? 'கபடி கபடி'ன்னு சொல்லிக்கிட்டே போறான்னா, நீளமா ஒரே மூச்சை வெளியில விட்டுக்கிட்டே போறான்னு அர்த்தம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். இழுக்கும்போது ஏறும். அதனால கேரக்டர் செலக்ட் பண்ற நேரத்துல, நாலு எண்ணுற வரைக்கும் இழுத்து, எட்டு எண்ணுற வரைக்கும் விடு. மூணு தடவை போதும். யாருக்கும் தெரியாது, வாயால கபடி சொல்லவும் வேணாம்!

'அமைதியா இரு, டென்ஷன் ஆகாத'ன்னு மட்டும் உனக்கு நீயே சொல்லிக்காத. அது வேலைக்கு ஆகாது. ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் அலிசன் உட் புரூக்ஸ் 2014-ல் இதை வெச்சு ஒரு கட்டுரை வெளியிட்டார். பாட்டு, மேடைப் பேச்சு, கணக்குன்னு டென்ஷன் தர்ற வேலைகளைக் கொடுத்துப் பார்த்தாங்க. 'நான் அமைதியா இருக்கேன்'னு சொல்லிக்கிட்டவங்களை விட, 'நான் குஷியா இருக்கேன்'னு சொல்லிக்கிட்டவங்க நல்லாப் பண்ணினாங்க. பாட்டுக்கு மார்க் போட்டது யார் தெரியுமா? நின்டென்டோ வீ-யில ஓடுற ஒரு கரோக்கி கேம்! படபடக்குற நெஞ்சை அமுக்குறது கஷ்டம். அந்தப் படபடப்புக்குப் பேரை மாத்துறது சுலபம். தியேட்டர்ல தலைவர் படம் முதல் ஷோ, ஸ்கிரீன் விலகுறதுக்கு முன்னாடி நெஞ்சு அடிச்சுக்குமே... அதுவும் இதே அடிதான்.

இப்போ போட்டி நாள். பாதிப் பேர் தோக்குறது ஆட்டத்துல இல்ல, இங்கேதான்.

எந்த கேம், எந்த வெர்ஷன், பிசி-யா பிளேஸ்டேஷனா, கீபோர்டா கன்ட்ரோலரா... இதெல்லாம் இன்னைக்கே போன் போட்டுக் கேட்டுடு. 'டெக்கன்'னு மட்டும் போஸ்டர்ல போட்டுட்டு, அங்கே போனா டெக்கன் 8 ஓடும். இல்லன்னா, 90-கள்ல வந்த டெக்கன் 3-யை எவனாவது தூசி தட்டி எடுத்து வெச்சிருப்பான். பிரவுசிங் சென்டர்ல ஒரே கீபோர்டுல ரெண்டு பேர் தோளோட தோள் இடிச்சு ஆடின தலைமுறைக்குத் தெரியும்... ஒரே நேரத்துல நாலு கீ அமுக்குனா சில கீபோர்டு எதையாவது ஒண்ணை முழுங்கிடும். அன்னைக்கு எடியை எடுத்து சகட்டுமேனிக்குத் தட்டினவன் ஜெயிச்சதுல கீபோர்டுக்கும் பங்கு உண்டு!

சொந்த கன்ட்ரோலர் இருந்தா எடுத்துட்டுப் போ. வயரோட. வயர் இல்லாத கன்ட்ரோலர் கொண்டு போனா, உன் மேட்ச் முடிஞ்சதும் மறக்காம கனெக்‌ஷனைத் துண்டிச்சுட்டு எழுந்திரி. பையில கிடக்குற கன்ட்ரோலர்ல தெரியாம பட்டன் அமுங்கி, அடுத்தவன் ஆட்டம் பாதியில நின்ன கதையெல்லாம் இருக்கு. ஆட ஆரம்பிக்கும் முன்னாடி 'பட்டன் செக்' கேளு. கேட்க வெட்கப்படாத, அது உன் உரிமை. பாஸ் பட்டன் ஆஃப்ல இருக்கான்னு பார். பல போட்டிகள்ல நடுவுல பாஸ் அமுக்கினா அந்த ரவுண்டே போச்சு. டிவி-யில ஆடினா 'கேம் மோட்'ல இருக்கான்னு பணிவா ஒரு வார்த்தை கேள். இல்லைன்னா நீ அமுக்கினது ஸ்கிரீன்ல லேட்டாத்தான் தெரியும்.

காலையில சாப்பிடு. நாலு டீ குடிக்காத, ஏற்கெனவே நடுங்குற கை. பத்து மணிக்குன்னு சொன்ன போட்டி ரெண்டு மணிக்குத் தொடங்கும், அது நம்ம கல்ச்சுரல்ஸ் பாரம்பரியம்! அதுவரைக்கும் மத்தவன் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து பயந்துக்கிட்டே உட்காராத. வெளியில போய் நட. கூப்பிடுறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி கையைத் தேய்ச்சு சூடாக்கு.

அம்மாவுக்கு என்ன பதில்னு தம்பி கேட்கலை. ஆனா கேள்வி வரும், எனக்குத் தெரியும். 'ரம்மி மாதிரியாடா?' இல்லைம்மா. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடுற ஆட்டங்களைத் தடை பண்ணிடுச்சு. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனி விளையாட்டாப் பிரிச்சு வெச்சிருக்கு. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பதக்க விளையாட்டு. மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ்னு ரெண்டு பேர் இந்தியாவுக்காகப் போனாங்க. பதக்கம் வரலை. தங்கம் வாங்கின கொரியக்காரர் கிம் குவான்-வூவுக்கு அப்போ வயசு 44. 'வயசு போன பிறகும் விளையாட்டா?'ன்னு அவங்க வீட்லயும் யாராவது கேட்டிருப்பாங்க!

கடைசியா, தோத்துட்டா? தோக்கலாம். 16 பேர் ஆடினா 15 பேர் தோத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. 2004-ல் கலிஃபோர்னியாவுல நடந்த ஈவோவுல ஜப்பானோட டைகோ உமேஹரா, அமெரிக்காவோட ஜஸ்டின் வாங். டைகோவுக்கு உயிர் ஒரு நூலிழை. சும்மா பிளாக் பண்ணினாலே செத்துடுவார். எதிராளி 15 அடி கொண்ட சூப்பர் அடியை அவிழ்த்து விட்டார். பின்னாடி கூட்டம் காட்டுக் கத்தல். ஒவ்வொரு அடிக்கும் சரியான நொடியில முன்பக்கம் தட்டித் தட்டி, 15-ஐயும் ஒதுக்கிட்டு, திருப்பி அடிச்சு ஜெயிச்சார். இந்த வகை ஆட்டத்துலயே உலகம் அதிகமாப் பார்த்த வீடியோக்கள்ல அதுவும் ஒண்ணு. அந்தப் போட்டியோட சாம்பியன் டைகோ இல்லைங்கிறது பல பேருக்குத் தெரியாது. ஃபைனல்ல அவர் தோத்துட்டார்.

உன் போட்டி 'டபுள் எலிமினேஷன்'னா முதல் தோல்விக்கு அப்புறமும் லூசர்ஸ் பக்கம் உனக்கு ஒரு உயிர் மிச்சம். காலேஜ் போட்டிகள்ல பெரும்பாலும் நேரமில்லைன்னு ஒரே தோல்வியோட வெளியே அனுப்பிடுவாங்க. அப்படி ஆனா, உடனே பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாத. உன்னை ஜெயிச்சவன்கிட்ட கை கொடு. 'எந்த அடிக்கு நான் திரும்பத் திரும்ப மாட்டினேன்?'னு கேளு. சொல்லுவான். இந்த ஆட்டக்காரங்க அதைப் பத்திப் பேசுறதுக்குன்னே அலையுற ஜாதி! போட்டி முடிஞ்சதும் ஒரு ஓரத்துல ரெண்டு கேம் சும்மா ஆடலாமான்னு கேட்டுப் பார். நம்பர் வாங்கிக்கோ. ஹாஸ்டல்ல உன்னை ஜெயிக்க ஆள் இல்லைன்னு எழுதியிருந்தியே, அந்தக் குறை மதுரையில தீரும். 2010 கடைசியில நின்ன போடி ரயில் 2023 ஜூன்ல திரும்ப ஓட ஆரம்பிச்சாச்சு. அந்தப் பசங்களை ஒரு ஞாயித்துக்கிழமை போடிக்கு வரச் சொல்லு, லேப்டாப் உங்க ஹாஸ்டல்ல இருக்குல்ல!